வலது நாற்காலிக்கு நீண்ட வரிசை: விமானி வேலை பற்றி நீலகிரிக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கத்தில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளும், அவர்களுக்காகத் தோட்டத்தை அடமானம் வைக்கலாமா என்று யோசிக்கும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியதை எழுதியிருக்கிறோம்.

ஏர் இந்தியா 470 விமானம், இண்டிகோ 500 விமானம் ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். லைசென்ஸ் எடுத்தவுடன் வேலை உறுதிதானே?

உறுதி இல்லை. இரண்டு ஆர்டரும் உண்மைதான். ஏர் இந்தியா 2023 பிப்ரவரியிலும் இண்டிகோ அதே ஆண்டு ஜூனிலும் அறிவித்தன. ஆனால் இண்டிகோவின் அந்த 500 விமானங்கள் வந்துசேர வேண்டிய காலம் 2030 முதல் 2035 வரை. ஆர்டர் செய்தி வந்த வாரத்தில் பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டியவர், இரண்டு ஆண்டில் லைசென்ஸோடு வெளியே வருகிறார். விமானம் அப்போது வந்திருக்காது.

வருகிற விமானத்துக்கும் கணக்கு உண்டு. குத்தகை முடிந்த பழைய விமானங்கள் திரும்பிப் போகும். ஏர்பஸ், போயிங் இரண்டுமே சொன்ன தேதிக்குக் கொடுப்பதில்லை. பிராட் அண்ட் விட்னி இன்ஜின் பிரச்சினையால் இந்தியாவில் பல ஏ320 நியோ விமானங்கள் மாதக்கணக்கில் தரையில் நின்றன. நிற்கும் விமானத்துக்குப் புதிய விமானி தேவையில்லை. ஏற்கெனவே இருப்பவர்களே மிச்சமாகிவிடுவார்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். ஒரு ஏ320 விமானத்தை முழு நேரமும் ஓட்ட ஏறக்குறைய 10 முதல் 14 விமானிகள் வேண்டும். அதில் பாதிப் பேர் கேப்டன்கள். விமான நிறுவனங்களுக்கு உண்மையான பஞ்சம் அந்த இடது நாற்காலியில்தான். கேப்டனாக ஏடிபிஎல் என்ற விமானப் போக்குவரத்து விமானி லைசென்ஸ் வேண்டும், அதற்கே குறைந்தது 1,500 மணிநேரம் பறந்திருக்க வேண்டும். அதற்கு மேல் நிறுவனம் கேட்கும் அனுபவமும் சீனியாரிட்டியும் உண்டு. 200 மணிநேரத்தோடு வருகிற புதியவர் உட்காருவது துணை விமானியின் வலது நாற்காலி. அங்கே வரிசை நீளம். விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டிஜிசிஏ 2022-ல் 1,165 சிபிஎல் (வணிக விமானி லைசென்ஸ்) கொடுத்தது, 2023-ல் 1,622. ஓர் ஆண்டில் இடம் கிடைக்காதவர்கள் அடுத்த ஆண்டு வரிசையில் முன்னால் நிற்பார்கள்.

"இன்னும் 15, 20 ஆண்டில் 30,000 விமானிகள் தேவை" என்று மத்திய அமைச்சர் சொன்னதைப் பல பள்ளிகள் விளம்பரத்தில் போடுகின்றன. அதை 15-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 2,000. 20-ஆல் வகுத்தால் 1,500. அதுவும் ஒவ்வோர் ஆண்டும் சமமாக வராது.

கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு விமானிகளை இழுப்பதாகச் செய்தி வருகிறதே?

இழுப்பது கேப்டன்களையும், ஏற்கெனவே அதே வகை விமானத்தில் பறந்துகொண்டிருக்கும் பர்ஸ்ட் ஆபீசர்கள் எனப்படும் துணை விமானிகளையும்தான். 2023-ல் ஆகாசா ஏரிலிருந்து 43 விமானிகள் நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் விலகினார்கள். அந்த நிறுவனம் நூற்றுக்கணக்கான சேவைகளை ரத்து செய்ய நேர்ந்தது. விவகாரம் மும்பை, டெல்லி உயர் நீதிமன்றங்கள் வரை போனது. தொடங்கி ஓராண்டே ஆன நிறுவனத்தில் நாற்பது பேர் போனால் அவ்வளவு பாதிப்பு. அப்போதுகூடக் காலியான இடத்தில் 200 மணிநேர விமானியை மறுநாள் உட்கார வைக்க முடியவில்லை. டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டும் தகுதி), உண்மையான விமானத்தில் ஏறி இறங்கும் தளப் பயிற்சி, மேற்பார்வையில் பறக்கும் லைன் பயிற்சி எல்லாம் முடிய ஆறு மாதமாவது ஆகும்.

கேப்டன் கிடைக்காதபோது நிறுவனங்கள் வெளிநாட்டு விமானிகளை எஃப்ஏடிஏ என்ற தற்காலிக அனுமதியில் கொண்டுவருகின்றன. சில நேரம் விமானத்தை விமானியோடு சேர்த்தே வாடகைக்கு எடுக்கின்றன. ஆகவே "விமானிகள் பற்றாக்குறை" என்ற தலைப்பைப் படித்தால், எந்த நாற்காலிக்கு என்று முதலில் கேளுங்கள்.

போட்டியால் புதியவருக்கும் நன்மை உண்டு, ஆனால் சுற்றி வருகிறது. பர்ஸ்ட் ஆபீசர்கள் கேப்டன் ஆனாலோ வேறு நிறுவனத்துக்குப் போனாலோ வலது நாற்காலி காலியாகிறது. அந்த அலை கீழே வர ஓராண்டுக்கு மேல் ஆகலாம்.

2025 டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கில் விமானங்களை ரத்து செய்தது. அதற்கும் வேலைவாய்ப்புக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. விமானிகளின் பணிநேர, ஓய்வு விதிகளை டிஜிசிஏ இரண்டு கட்டமாகக் கடுமையாக்கியது. முதல் கட்டம் 2025 ஜூலை 1, இரண்டாம் கட்டம் நவம்பர் 1. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியானது. "இரவு" என்பது நள்ளிரவு முதல் காலை 5 வரை என்றிருந்தது 6 வரை நீண்டது. இரவில் இறங்கும் எண்ணிக்கை ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. அதே அட்டவணையை ஓட்ட இன்னும் அதிக விமானிகள் தேவைப்பட்டார்கள், அவர்கள் இல்லை. டிசம்பர் முதல் வாரத்தில் அட்டவணை சரிந்தது. டிஜிசிஏ சில விதிகளிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை தற்காலிக விலக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இந்த விதிகள் நிலைத்தால் ஒரு விமானத்துக்கான விமானிகள் எண்ணிக்கை கூடும். அது உங்கள் பிள்ளைக்கு நல்லது. களைத்துப்போன விமானியின் பின்னால் உட்காரும் பயணிக்கு அதைவிட நல்லது. இரவுப் பணியில் ஓய்வில்லாமல் ஓட்டும் வேலையை யாரும் வேலைவாய்ப்பு என்று கொண்டாட வேண்டாம்.

எத்தனை கம்பெனிகளில் விண்ணப்பிக்கலாம்?

பெரிய அளவில் ஆள் எடுப்பவை இண்டிகோ, ஏர் இந்தியா, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், ஆகாசா. ஏடிஆர் வகைச் சிறு விமானங்களுக்கு அலையன்ஸ் ஏர், ஃபிளை91 போன்றவை. உள்நாட்டுப் பயணிகளில் பத்தில் ஆறு பேருக்கு மேல் இண்டிகோவில்தான் பறக்கிறார்கள்.

கதவுகள் குறைந்துகொண்டே வந்திருக்கின்றன. ஏஐஎக்ஸ் கனெக்ட் 2024 அக்டோபர் 1 அன்று ஏர் இந்தியா எக்ஸ்பிரஸோடு இணைந்தது. விஸ்தாரா அதே ஆண்டு நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவோடு. இணைப்பு நடக்கும்போது சம்பள அமைப்பும் சீனியாரிட்டிப் பட்டியலும் மாறும். உறுதியளிக்கப்பட்ட 70 மணிநேரச் சம்பளம் 40 மணிநேரமாகிறது என்பதால் 2024 ஏப்ரலில் விஸ்தாரா விமானிகள் பலர் பணிக்கு வராமல் இருந்து, சேவைகள் ரத்தாயின. கதவு நான்கைந்துதான் என்றால், ஒன்றில் தேர்வில் தவறியவர் அடுத்த முயற்சிக்குக் காத்திருக்க வேண்டிய மாதங்களைக் கடன் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் எதைச் செய்ய வேண்டும்? பள்ளியில் சேர்வதா, பரீட்சைக்குப் படிப்பதா?

இரண்டும் இல்லை. முதலில் மருத்துவப் பரிசோதனை. அதில் கிளாஸ் டூ என்ற ஆரம்பநிலைச் சான்று முதலில். அதன் பிறகு சிபிஎல்லுக்குத் தேவையான கிளாஸ் ஒன். கிளாஸ் ஒன் சான்று கைக்கு வரும் வரை பெரிய தொகை எதையும் யாருக்கும் கட்டாதீர்கள். சில ஆயிரம் ரூபாய்ப் பரிசோதனை பல லட்சத்தைக் காப்பாற்றும்.

கிளாஸ் டூ பார்க்கும் மருத்துவர்களின் பட்டியல் டிஜிசிஏ இணையதளத்தில் இருக்கிறது. கண், நிறப் பார்வை, காது, ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே, இசிஜி எல்லாம் பார்ப்பார்கள். கிளாஸ் ஒன்னுக்கு நமக்குக் கிட்டத்தில் இருப்பது பெங்களூருவிலுள்ள விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனம். ஊட்டியிலிருந்து காரில் போகிறவர்கள், பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதை நினைவில் வைத்து முந்தின நாளே போய்த் தங்குங்கள். காலை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டியிருக்கும். இரவெல்லாம் வளைவில் பயணம் செய்து போனால் ரத்த அழுத்தம் ஏறியே காட்டும்.

மலைப் பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம். மழைக்காலத்தில் சளி, காதடைப்போடு போகாதீர்கள். செவிப்பரிசோதனையில் தவறினால் தற்காலிகத் தகுதியின்மை என்று எழுதிவிடுவார்கள். மீண்டும் தேதி வாங்கி வர மாதங்கள் போகும். இரண்டாவது, நீலகிரியின் பழங்குடிக் குடும்பங்களில் அரிவாள் அணு ரத்தசோகை பரவலாக இருக்கிறது. குடும்பத்தில் யாருக்காவது இருந்தால், ஹீமோகுளோபின் எலக்ட்ரோபோரசிஸ் பரிசோதனையை முதலிலேயே செய்து, நோயா, மரபுக்கூறு மட்டுமா என்று தெரிந்துகொள்ளுங்கள். இரண்டும் ஒன்றல்ல, அந்த அறிக்கையை வைத்துக்கொண்டுதான் மருத்துவரிடம் மேலே பேச முடியும்.

பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல் இல்லை. முடியாதா?

இரண்டும் வேண்டும். இல்லாதவர்கள் என்ஐஓஎஸ் என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் அந்தப் பாடங்களை மட்டும் எழுதித் தேறலாம்.

கம்ப்யூட்டர் நம்பர் வாங்கும்போது பெயரில் சிக்கல் வருகிறது என்கிறார்களே?

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும் சிக்கல் இது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "கே. பிரியா", ஆதாரில் "பிரியா கே", பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரோடு, படகர் குடும்பங்களில் சில நேரம் ஊர்ப் பெயரோ வீட்டுப் பெயரோ இன்னொரு விதமாக. டிஜிசிஏ பரீட்சை எழுதுவதற்கான கம்ப்யூட்டர் நம்பர் எந்தப் பெயரில் வருகிறதோ அந்தப் பெயரில்தான் லைசென்ஸ் வரை எல்லாம் போகும். மதிப்பெண் சான்றிதழின் உண்மைத்தன்மையைக் கல்வி வாரியத்திடம் உறுதி செய்து வாங்கவும் வேண்டும். தமிழ்நாட்டு வாரியம் என்றால் அரசுத் தேர்வுகள் இயக்ககம். முதலில் பாஸ்போர்ட்டில் பெயரைச் சரிசெய்யுங்கள், பிறகு மற்றவை. ஒரு புள்ளி, ஓர் இடைவெளி வித்தியாசத்துக்காக விண்ணப்பம் திரும்பி வந்து ஒரு பரீட்சை அமர்வே தவறிப்போகும்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்? தேயிலைத் தோட்டத்தை வைத்துக் கடன் வாங்கலாமா?

சாதாரணமாகப் பயிற்சிப் பள்ளியில் சிபிஎல் முடிக்க 40 முதல் 60 லட்சம். அதற்கு மேல் ஏ320 அல்லது போயிங் 737 டைப் ரேட்டிங்குக்கு 12 முதல் 20 லட்சம். விமான நிறுவனங்களோடு இணைந்த கேடட் திட்டங்கள் ஒரு கோடியை எட்டும் அல்லது தாண்டும்.

கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். 50 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, 10 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 68,900 ரூபாய். 15 ஆண்டாக நீட்டினால் சுமார் 56,800. வேலை கிடைக்காமல் ஓராண்டு போனால் வட்டி மட்டும் ஐந்தரை லட்சம் ஏறும். பச்சைத் தேயிலை கிலோ 20 ரூபாய் என்று வைத்தால், 68,900 ரூபாய்க்கு மாதம் 3,445 கிலோ இலை வேண்டும். பறிகூலி, உரம், வண்டி வாடகை எதுவும் கழிக்காமல். ஒரு சிறு தேயிலை விவசாயி அந்தத் தவணையைத் தோட்ட வருமானத்திலிருந்து கட்டுவேன் என்று நம்பி இறங்கவே கூடாது. வேலை வரும் வரை கட்ட வேறு வழி இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி சொத்துப் பிணை கேட்கும். இங்கேதான் நம் மாவட்டத்தின் தனிப் பிரச்சினை. கூடலூர், பந்தலூர் பக்கத்தில் ஜென்ம நிலம், செக்‌ஷன் 17 நிலம் என்று சொல்லப்படுபவற்றுக்குப் பட்டா இல்லை. மூன்று தலைமுறையாகப் பயிர் செய்தாலும் வங்கி அதை ஏற்காது. அரசு ஒப்படைத்த நிபந்தனைப் பட்டா நிலத்திலும் அடமானத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. பிள்ளை கிளாஸ் ஒன் எடுத்து, பள்ளியில் முன்பணமும் கட்டிய பிறகு வங்கி சட்ட ஆலோசகர் "தாய்ப்பத்திரம் எங்கே" என்று கேட்கும் நிலை வரக் கூடாது. பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு முதலிலேயே வங்கிக்குப் போய் எழுத்தில் பதில் வாங்குங்கள். பிணை இல்லை என்பதற்காகக் கந்து வட்டிக்குப் போவதைவிட இந்தப் படிப்பை இரண்டு ஆண்டு தள்ளிப்போடுவது மேல்.

எந்தப் பயிற்சிப் பள்ளி நல்லது?

பெயர் சொல்வதைவிட, நேரில் போய்க் கேட்க வேண்டியதைச் சொல்கிறோம். இன்று பறக்கும் நிலையில் எத்தனை விமானம், எத்தனை மாணவர், எத்தனை பயிற்றுநர்? போன மாதம் ஒரு மாணவர் சராசரியாக எத்தனை மணிநேரம் பறந்தார்? இரட்டை இன்ஜின் விமானம் சொந்தமா, வெளியே போக வேண்டுமா? அங்கே படிக்கும் மாணவர்களிடம் தனியாகக் கேளுங்கள், அலுவலகத்தில் மட்டும் கேட்காதீர்கள். 2025 முதல் டிஜிசிஏ பயிற்சிப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தி வெளியிடுகிறது, அதைப் பாருங்கள்.

பணத்தை முழுதாக முன்கூட்டிக் கட்டாதீர்கள். பறந்த மணிநேரத்துக்கு ஏற்பத் தவணை என்று ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். ஓராண்டில் முடியும் என்று சொன்ன படிப்பு மூன்றாண்டு இழுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இவைதான்: விமானம் பழுதாகி உதிரிபாகத்துக்குக் காத்திருப்பது, பயிற்றுநர் விமான நிறுவன வேலைக்குப் போய்விடுவது, மழைக்காலம், எரிபொருள் தட்டுப்பாடு.

சிபிஎல்லுக்கு 200 மணிநேரம் வேண்டும். அதில் 100 மணிநேரம் தலைமை விமானியாக. 20 மணிநேரம் ஊர்விட்டு ஊர் பறக்கும் கிராஸ் கன்ட்ரி, அதில் ஒரு பயணம் 300 கடல் மைலுக்குக் குறையாமல், வழியில் இரண்டு விமான நிலையங்களில் முழுதாக இறங்கி. கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்தது 10 மணிநேரம். இரவில் 5 மணிநேரம், 10 முறை ஏறி 10 முறை இறங்கி. பறக்காத மணிநேரத்தை லாக்புக்கில் எழுதித் தருகிறோம் என்று எந்தப் பள்ளியாவது சொன்னால் அன்றே வெளியேறுங்கள். இந்தத் துறையில் அதற்குப் பார்க்கர் பேனா மணிநேரம் என்று பெயர். 2011-ல் போலி ஆவணங்களில் லைசென்ஸ் வாங்கியவர்கள் பிடிபட்டு, ஆயிரக்கணக்கான லைசென்ஸ்களை டிஜிசிஏ சரிபார்த்தது. மாட்டினால் வேலையோடு போகாது, வழக்கும் வரும். மாட்டாவிட்டால், ஒரு மழை இரவில் உண்மையான மணிநேரங்கள் இல்லாத குறை தெரியும்.

கேடட் திட்டத்தில் சேர்ந்தால் வேலை உறுதி என்கிறார்கள். அதிகப் பணம் கொடுக்கலாமா?

கொடுக்கும் கடிதத்தை வரிக்கு வரி படியுங்கள். பெரும்பாலும் அது நிபந்தனையோடு கூடிய கடிதம்: எல்லாக் கட்டத்திலும் தேற வேண்டும், அப்போதைய நிறுவனத் தேவைக்கு உட்பட்டது, சேரும் தேதி உறுதியில்லை. நல்ல காலத்தில் கேடட்களே முதலில் அழைக்கப்படுகிறார்கள், அதை மறுக்கவில்லை. கெட்ட காலத்தில் அவர்களும் காத்திருந்தார்கள். 2020 ஜூலையில் இண்டிகோவே தன் ஊழியரில் 10 சதவீதம் பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அந்தச் சூழலில் புதியவரை யார் அழைப்பார்கள்? இடையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், சேரும் தேதி ஓராண்டு தள்ளினால் ஐஆர் (கருவிகளைப் பார்த்துப் பறக்கும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்) புதுப்பிக்கும் செலவு யாருடையது என்ற இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் இல்லாவிட்டால், கூடுதல் பணம் வேலைக்கு அல்ல, நம்பிக்கைக்குத்தான்.

நிறுவனத் தேர்வில் என்னென்ன நடக்கும்?

எழுத்துத் தேர்வு, கணினியில் திறன் மற்றும் மனநிலைச் சோதனை, குழுச் செயல்பாடு, நேர்முகம், சிமுலேட்டர் சோதனை. வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நம் பிள்ளைகள் பாடத்தில் தோற்பதில்லை. குழுவில் வாயைத் திறக்காமல் இருந்து தோற்கிறார்கள். காக்பிட்டில் கேப்டன் தவறு செய்தால் பக்கத்தில் இருப்பவர் சொல்ல வேண்டும். பெரியவர் முன் பேசக் கூடாது என்று வளர்ந்த பிள்ளையிடம் அவர்கள் தேடுவது அதைத்தான். சிமுலேட்டரில் ஆட்டோபைலட் இல்லாமல் ஏறுவது, ஹோல்டிங் (காத்திருந்து வட்டமிடுவது), ஐஎல்எஸ் கருவி வழிகாட்டலில் இறங்க அணுகுவது, இறங்காமல் மீண்டும் ஏறுவது ஆகியவற்றைக் கேட்பார்கள். விரைந்து கையாள்வதைவிட, என்ன செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டே ஒழுங்காகச் செய்வதற்குத்தான் மதிப்பெண்.

வேலையில் சேர்வதற்கு முன் போதைப்பொருள் பரிசோதனை உண்டு. கஞ்சா தெரிந்தால் அங்கேயே முடிந்தது.

எந்த விமான நிறுவனமும் "பதிவுக் கட்டணம்" என்று தனிநபர் கணக்குக்குப் பணம் கேட்காது. கேட்டால் அது மோசடி.

லைசென்ஸ் இருக்கிறது, வேலை இல்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கலாமா?

உட்காரலாம், ஆனால் லைசென்ஸ் உட்காரக் கூடாது. சிபிஎல் ஏட்டின் செல்லுபடிக் காலத்தை 2023-ல் 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக்கினார்கள். அதைக் கேட்டுப் பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பவை வேகமாகக் காலாவதியாகும். இளையவர்களுக்குக் கிளாஸ் ஒன் மருத்துவச் சான்று 12 மாதம். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் 12 மாதம். அழைப்பு வரும் நாளில் இவை உயிரோடு இல்லாவிட்டால் விண்ணப்பமே ஏறாது. இரட்டை இன்ஜின் விமானத்தில் ஐஆர் சோதனைக்கு லட்சக்கணக்கில் செலவாகும். கடன் போடும்போதே இரண்டு ஆண்டுப் புதுப்பிப்புச் செலவை ஒதுக்கி, தொடாமல் வையுங்கள்.

வேலைக் கடிதம் இல்லாமல் சொந்தக் காசில் டைப் ரேட்டிங் எடுக்காதீர்கள். ஏ320 எடுத்த ஆண்டில் போயிங் 737 ஓட்டும் நிறுவனம் ஆள் எடுக்கும், மாறியும் நடக்கும். எடுத்துவிட்டுப் பறக்காமல் இருந்தால் மீண்டும் சிமுலேட்டருக்குப் பணம் கட்ட வேண்டும். 2019-ல் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது 737 அனுபவசாலிகள் நூற்றுக்கணக்கில் சந்தைக்கு வந்தார்கள். அதற்கு முந்தின மாதம்தான் 737 மேக்ஸ் விமானங்கள் இந்தியாவில் தரையிறக்கப்பட்டிருந்தன. 737 ரேட்டிங்கைக் கையில் வைத்திருந்த புதியவர்களுக்கு அப்போது இடமே இல்லை.

காத்திருக்கும் காலத்துக்கு நாங்கள் முதலில் சொல்வது உதவிப் பயிற்றுநர் ரேட்டிங். சம்பளம் குறைவு, ஆனால் மணிநேரம் சேரும். பிறருக்குச் சொல்லிக்கொடுத்தவர் நேர்முகத்தில் தனியாகத் தெரிவார். இன்னொரு வழி, பட்டப்படிப்பை முடித்து வைப்பது. இயற்பியல், கணிதத்தோடு முழுநேரமாகப் படித்த பிஎஸ்சி இருந்தால் விமான நிலைய ஆணையத்தின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் தேர்வு எழுதலாம். பிளஸ் டூவோடு நிறுத்தியவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கும்.

சேர்ந்த பிறகு வேறு கம்பெனிக்கு மாற முடியுமா?

முடியும், மெதுவாக. 2017 ஆகஸ்டில் டிஜிசிஏ வகுத்த விதிப்படி கேப்டனுக்கு ஓராண்டு, பர்ஸ்ட் ஆபீசருக்கு ஆறு மாதம் நோட்டீஸ். நிறுவனம் விரும்பினால் குறைக்கலாம். தடையில்லாச் சான்று இல்லாமல் புதிய நிறுவனம் சேர்க்கத் தயங்கும். இதற்கு மேல், டைப் ரேட்டிங் செலவுக்கான பாண்டு (இடையில் விலகினால் பணம் கட்டும் ஒப்பந்தம்) தனியாக இருக்கும். அதில் தொகை ஆண்டுக்கு ஆண்டு குறைகிறதா, முழுதாக நிற்கிறதா என்று பாருங்கள். குறையாத பாண்டில் கையெழுத்துப் போடும் முன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

கம்பெனியே மூடிவிட்டால்?

மூடியிருக்கின்றன. கோயம்புத்தூரிலிருந்து 2016-ல் தொடங்கிய ஏர் கார்னிவல் அடுத்த ஆண்டே நின்றது. சென்னையின் பாராமவுண்ட் 2010-ல் நின்றது. கிங்ஃபிஷர் 2012 அக்டோபர், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17, கோ ஃபர்ஸ்ட் 2023 மே 3.

மூடுவதற்கு முன்பே அறிகுறி தெரியும். சம்பளம் பத்து நாள் தள்ளி வருவது முதல் அறிகுறி. அதைவிட நம்பகமானவை இரண்டு: இபிஎஃப்ஓ பாஸ்புக்கில் மாதாமாதம் பிஎஃப் ஏறுகிறதா என்றும், வருமான வரிப் படிவம் 26ஏஎஸ்-ல் பிடித்த டிடிஎஸ் கட்டப்பட்டிருக்கிறதா என்றும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்திருப்பார்கள், அரசுக்குப் போயிருக்காது. இரண்டு காலாண்டு அப்படி இருந்தால் அன்றே வேறு இடத்துக்கு விண்ணப்பியுங்கள். நோட்டீஸ் ஆறு மாதம் என்பதை மறக்க வேண்டாம்.

திவால் நடவடிக்கை தொடங்கினால், ஊழியர் தன் பாக்கியைப் படிவம் 'டி'யில் இடைக்காலத் தீர்வாளரிடம் கோர வேண்டும். பொது அறிவிப்பில் உள்ள கடைசித் தேதியைத் தவற விடாதீர்கள். நிறுவனம் கலைக்கப்பட்டால் தொழிலாளர் பிரிவில் வராத ஊழியருக்கு 12 மாதச் சம்பளப் பாக்கி வரை ஒரு முன்னுரிமை உண்டு, ஆனால் பிணை வைத்திருக்கும் வங்கிகளுக்குப் பின்னால்தான். பிஎஃப், கிராஜுவிட்டி நிதி கடன்காரர்களுக்குப் பங்கிடும் சொத்தில் சேராது. சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், லாக்புக், பயிற்சிச் சான்றுகள் எல்லாவற்றுக்கும் நகல் வீட்டில் இருக்கட்டும். நிறுவனத்தின் மின்னஞ்சலில் மட்டும் வைத்திருந்தால், கணக்கு முடக்கப்பட்ட நாளில் நீங்கள் பறந்ததற்கே ஆதாரம் தேட வேண்டியிருக்கும்.

பெண் பிள்ளையை அனுப்பலாமா?

தாராளமாக. இந்திய விமானிகளில் ஏறக்குறைய 15 சதவீதம் பெண்கள்; உலக அளவில் அது மிக உயர்ந்த விகிதம். சம்பளம், சீனியாரிட்டி, சோதனை எல்லாம் ஒன்றே. மகப்பேறு விடுப்புக்குப் பிறகு திரும்பப் பறக்கச் சிமுலேட்டர் சோதனை உண்டு. அதற்கு எத்தனை நாளில் இடம் கொடுப்பார்கள் என்று சேரும்போதே மனிதவளத் துறையிடம் கேளுங்கள்.

ஊட்டியில் வீட்டை வைத்துக்கொண்டு இந்த வேலை பார்க்க முடியுமா?

விடுமுறைக்கு வர முடியும். தினமும் இங்கிருந்து போக முடியாது. நிறுவனம் கொடுக்கும் பேஸ் சென்னையோ பெங்களூருவோ டெல்லியோவாக இருக்கும். ஸ்டாண்ட்பை நாளில் அழைத்தால் சொன்ன நேரத்துக்குள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். ஊட்டியிலிருந்து பீளமேடு விமான நிலையம் சாதாரண நாளிலேயே மூன்று மணிநேரம். வடகிழக்குப் பருவமழையில் கல்லாறு, பர்லியார் பக்கம் மண் சரிந்தால் கோத்தகிரி சுற்றிப் போக வேண்டும். சீசனில் வண்டி வரிசை தனி. ஊழியருக்கான சலுகை டிக்கெட்டும் இடம் இருந்தால்தான். விடுப்பு முடிந்து திரும்பும்போது பணிக்கு முந்தின நாள் காலையிலேயே மலை இறங்கிவிடுங்கள். தாமதமாகப் போய்ப் பணியைத் தவறவிட்டால் மண் சரிவு என்ற காரணம் ஒரு முறை எடுபடும். இரண்டாவது முறை பதிவேட்டில் ஏறும்.